நீங்கள் வராமலே பாடிய கரோல்

தெஹியோவிட்ட,
நவம்பர் கடைசி ஞாயிறு.

என்றும் அன்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளையும் உங்கள் தம்பி டெனிஸ்டனும் நலம். அங்கே நீங்கள் நலமாகவும், உங்கள் இடுப்புவலி உங்களை விட்டு வேறு அறைக்குப் போயும் இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன்.

போனில் சொல்லக்கூடியதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். முக்தார் நானா லீவு முடிந்து நாளை கத்தாருக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். போனில் உங்கள் அறையில் இருக்கிற அத்தனை பேரும் நான் பேசுவதைக் கேட்கிறார்கள். அதுவும் போக, என் குரல் உங்களுக்குப் பிந்தி வருகிறது, உங்கள் குரல் எனக்குப் பிந்தி வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் "சொல்லுங்க", "சொல்லு" என்கிறோம், பிறகு ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கம்பனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, போட்டால் இந்த நத்தார்ப் பண்டிகைக்கு லீவு இல்லை, போடாவிட்டால் டிசம்பரில் ஒரேயடியாக ஊருக்கு, நீ சொல்றபடி செய்றேன் கலா என்றீர்களே. நன்றாக யோசித்தேன். போடுங்கள். பிள்ளை கெம்பஸ் முடிக்கும்வரை நீங்கள் அங்கே இருப்பதுதான் புத்தி. நீங்கள் இல்லாததால் இங்கே எதுவும் நின்றுபோகவில்லை. அதற்கு அத்தாட்சியாக இந்த மாதம் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பங்குக் கோயில்களுக்கு இடையில் கரோல் போட்டி வைத்திருக்கிறார்கள். மேடையில் பாடத் தேவையில்லை, பாட்டைப் பதிவுசெய்து அனுப்பினால் போதும். நம்முடைய கொயர் எப்போதும் பாடுகிற அதே பாட்டுத்தான், நீங்கள் கீழ்க்குரல் பாடுகிற பாட்டு. இதைக் கேள்விப்பட்டதும் டெனிஸ்டன் தம்பி லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டான். சவுண்ட் செட் ஜோன் அண்ணனும் தன்னுடைய டிஜிட்டல் மிக்ஸரைத் துணியில் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குள்ளே ஒலியைச் சரிசெய்வதற்கென்றே தனி சிப் இருக்கிறதாம், அதற்கு வேறு வேலையே கிடையாதாம், பாடும்போதே எக்கோ முதல் எல்லாவற்றையும் அந்தக் கணத்திலேயே செய்து கொடுத்துவிடுமாம். தம்பியோ, லெப்டொப்பில் ஒவ்வொரு குரலையும் தனித்தனித் தடத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாகத் திருத்தலாம், பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம் என்றான்.

"பிழைச்சா அழிக்கலாம்னு நெனச்சா எவன் தம்பி ஒழுங்கா பாடுவான்? ஆண்டவரு நமக்கு அழிக்கிற பட்டன் வச்சா அனுப்பினாரு?" என்றார் ஜோன் அண்ணன்.

"பாவசங்கீர்த்தனம் பின்ன எதுக்குண்ணே?" என்றான் இவன், பாவமன்னிப்புக் கூண்டைக் காட்டி.

பாதர் பாவம், அவருக்குச் சிங்களத்தில்தான் கோபம் வரும், எங்களோடு தமிழில்தான் சமாதானமாகப் பேசுவார். "டீச்சர், எனக்கு மெஷின் தெரியாது. சண்ட மட்டும் எபா, வேணாம். நீங்க பாருங்க" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். நான் லெப்டொப் பக்கம் சாய்ந்தேன். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். வெளியே சொன்ன காரணம், அதுவும் என்னைப்போல நூறு வேலைக்கு நடுவில் பிந்திப் பதில் சொல்கிற சாதி என்பதுதான்.

அது எவ்வளவு பிந்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதல் ஆளாக உங்கள் தெரேசம்மா மாமியை ஹெட்போன் மாட்டிப் பாடவைத்தோம். மாமியின் குரல் மைக்கில் போய், லெப்டொப்புக்குள் சுற்றி, அதன் வேலைகளையெல்லாம் முடித்துக்கொண்டு மாமியின் காதுக்கு வருவதற்குள் மாமி அடுத்த சொல்லுக்குப் போயிருந்தார். மரியாதை தெரிந்த மனுசி, காதில் பாடுகிற அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று கொஞ்சம் நின்றார். அவர் நிற்க அந்தக் குரலும் நின்றது. அது பிந்த இவர் இன்னும் பிந்தினார். பாலன் பிறந்த சந்தோஷப் பாட்டு மெல்ல மெல்ல அடக்கப் பூசைப் பாட்டாகிவிட்டது. கடைசி வரி வந்தபோது வெளியே நின்ற கங்காணியார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்து, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"எனக்குப் பின்னால ஒருத்தி பாடுறாடா டெனிஸ்டன். அவள மொதல்ல வெளிய அனுப்பு, நான் பாடுறேன்" என்றார் மாமி.

ஜோன் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன் மிக்ஸரைத் தட்டினார். அதில் குரல் உடனே காதுக்கு வந்தது, குறையில்லை. ஆனால் அது கடைசியாகப் போன இடத்தின் அமைப்பை ஞாபகம் வைத்திருக்கிற சாமான். முந்திய நாள் அவிசாவளையில் ஏதோ திறந்தவெளிக் கூட்டம். பாதர் மைக்கில் "ஆமென்" என்றார். கோயில் முழுக்க மென், மென், மென் என்று அது பின்கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அதைச் சரிப்படுத்தி முழுப் பாட்டையும் பென் டிரைவில் ஒரே மூச்சில் பிடித்தார்கள். அழகாகத்தான் வந்தது. மூன்றாவது சரணத்தில் ஒருவர் தும்மியதும் அழகாக வந்தது. எல்லாக் குரலும் ஒன்றாகக் கலந்தபின் தும்மலை மட்டும் எடுப்பது எப்படி? தேத்தண்ணியில் கலந்த சீனியை எடுக்கச் சொல்வதுபோலத்தான்.

திரும்பப் பாடலாம் என்றால் மழை. இந்த ரப்பர்த் தோட்டத்தில் அதுதானே வில்லங்கம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கொயர் முழுக்க வீட்டில்தான். ஆனால் தகரக் கூரையில் விழுகிற மழை நம்மைவிட நன்றாகப் பாடுகிறது. மழை இல்லாத காலையில் கோயில் அமைதி, பாட ஆள் இல்லை, எல்லாரும் பால்மரத்தடியில். மத்தியானம் பாலைக் கொடுத்துவிட்டு ஓடி வந்தால் பின்னேர மழை சொல்லிவைத்ததுபோல வந்துவிடும். கடைசியில் மாமிதான், "நம்ம புகைவீட்டுக்குள்ள நின்னா மழையே கேக்காதே" என்றார். ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்கிற அந்தப் புகைவீட்டுக்குள், தோட்டத்து ஐயாவிடம் கேட்டு, நெருப்பில்லாத ஒரு நாளில் போய் நின்றோம். வரிசை வரிசையாகத் தொங்குகிற ஷீட்டுகள் எங்கள் சத்தம் முழுவதையும் குடித்துவிட்டன. பக்கத்தில் நிற்கிறவர் பாடுகிறாரா, வாயை மட்டும் அசைக்கிறாரா என்று தெரியவில்லை. தம்பி துள்ளிக் குதித்தான், "அண்ணி, கொழும்புல ஸ்டூடியோகாரன் செவத்துல பஞ்சு ஒட்டித்தான் இதக் கொண்டு வர்றான்!" என்று. பாடி முடித்து வெளியே வந்தபோது எங்கள் எல்லார் மீதும் ரப்பர் வாசம். அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டே பெருக்கல் வாய்ப்பாடு சொன்னார்கள்.

மெஷின் சண்டை தீர்ந்ததும் அங்கேதான். ஜோன் அண்ணனின் மிக்ஸருக்குப் பின்னால், எறும்பு போகும் என்று அவர் டேப் ஒட்டி மூடியிருந்த ஓட்டையைத் தம்பி பிரித்துப் பார்த்தான். அது லெப்டொப்போடு இணைக்கிற இடம். பாடுகிறவர்களின் காதுக்கு மிக்ஸர் உடனே கொடுத்தது, குரல்களைத் தனித்தனியாக லெப்டொப் வாங்கி வைத்துக்கொண்டது. மாமிக்குப் பின்னால் பாடிய பெண் போய்விட்டாள். இருவரும் வெற்றி தங்களுக்குத்தான் என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

இப்போது நான் லெப்டொப் பக்கம் சாய்ந்த காரணம். போவதற்கு முந்திய நத்தாருக்கு இந்தப் பாட்டின் கீழ்க்குரலை நம் முன்னறையில் நின்று தனியாகப் பாடிக் கொடுத்தீர்களே, அதைத் தம்பி அழிக்காமல் வைத்திருக்கிறான். மிக்ஸர் தனக்கு முன்னால் நின்று பாடுகிறவர்களைத்தான் கேட்கும். லெப்டொப்புக்கு ஆள் எங்கே இருக்கிறார், எந்த வருஷத்தில் பாடினார் என்ற கவலை இல்லை. உங்களை எடுத்து மற்றவர்களுக்குக் கீழே வைத்தான். நீங்கள் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடினீர்கள், வழக்கம்போல. உங்களை இழுத்து நீட்டிப் பார்த்தான், குரல் உங்கள் அப்பாவுடையதுபோல ஆகிவிட்டது. வேண்டாம் தம்பி, அவரை அவராகவே விடு, நாங்கள் அவரோடு வருகிறோம் என்றேன். அதனால் கொயர் முழுவதும் உங்கள் வேகத்தைப் பிடித்துத் திரும்பப் பாடினோம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீங்கள் மூச்செடுப்பது ஹெட்போனில் கேட்கிறது. அதைத் துப்புரவாக்கவா என்று கேட்டான். தொடாதே என்றேன்.

இன்று பூசை முடிந்து எல்லாரும் கேட்டோம். "பெனடிக்ட்டு இங்கனதான் நிக்கிறான் போல இருக்கு" என்று மாமி கண்ணைத் துடைத்தார். "இனி அவன் வந்து பாடணும்னே இல்ல" என்றார் ஜோன் அண்ணன், மெஷினைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு. எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆகவே எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் குறை ஒன்றும் இல்லை. பின்வரிசையில் உங்கள் இடத்தில் ஒருவரும் நிற்காவிட்டாலும் பாட்டில் அது தெரியவில்லை.

பாதர் உங்களுக்குத் தம்முடைய ஆசீரைச் சொல்லச் சொன்னார். மாமியின் முத்தங்களும் பிள்ளையின் அன்பும் இத்துடன். மரியன்னை உங்களையும் உங்கள் அறையில் உள்ள எல்லாரையும் காப்பாராக.

என்றும் உங்கள்,
விஜயகலா

பி.கு.: ஒட்டிய உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். அந்தப் பதிவின் தொடக்கத்தில், பாட்டுக்கு முன்னால், நீங்கள் பேசுவதும் இருக்கிறது. "கலா, அந்தக் கதவ சாத்து புள்ள, கோழிச் சத்தம் வருது" என்கிறீர்கள். தம்பி முதல்முறை போட்டபோது நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன். அவன் சிரித்தான். அடுத்த தடவையும் எழும்பினேன், சிரித்தான். இன்று பின்னேரம் மறுபடியும் எழும்பிக் கதவருகே போய் நின்றேன், அவன் சிரிக்கவில்லை. "அண்ணி, நிப்பாட்டவா?" என்று கேட்டான். நிப்பாட்டு என்றேன். பாட்டிலிருந்தும் உங்களை எடுத்துவிடச் சொன்னேன், ஒரு பட்டன்தான், எடுத்துவிட்டான். கீழ்க்குரல் இல்லாமலே போட்டிக்கு அனுப்பிவிட்டோம். நிச்சயமாகத் தோற்போம், ஜோன் அண்ணன் என்னோடு கோபம். கையெழுத்துப் போடாதீங்க அத்தான். கதவ நீங்களே வந்து சாத்திக்குங்க.