மாமனாரின் முதுகு

புதிதாகக் கருவி வாங்கியவன் கண்ணுக்கு ஊரே நோயாளியாகத்தான் தெரியும். என் கண்ணில் முதலில் பட்டவர் என் மாமனார்.

கல்யாணமான புதிது. கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற மலைப்பகுதியில் இருக்கும் மனைவி வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். நுரையீரல் ஸ்கேனில் அப்போதுதான் ஒரு குட்டிப் பயிற்சி முடித்து, போனில் செருகும் கையடக்கக் கருவியோடு திரிந்துகொண்டிருந்த டாக்டர் நான். (சட்டைப்பையில் பேனா இருக்காது, அது இருக்கும்.) மாமனாருக்கோ காய்ச்சல், இருமல்.

"மொளகு காயப்போட்ட தூசுங்க மாப்ள, தானாப் போயிரும்" என்றார்.

விடுவேனா? ஜெல் இல்லை என்றதும் அத்தை விளக்கெண்ணெய் கொண்டுவந்தார். "ஏனுங்க மாப்ள, வகுத்துல வெச்சுப் பாக்கறத நெஞ்சுல வெக்கறீங்க?" என்று சந்தேகம் வேறு.

நல்ல நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் உள்ளே ஒன்றும் தெரியாது. நிமோனியா வந்து சளி கட்டினால் அந்த இடம் திரையில் கெட்டியாகத் தெரியும். மாமனாரின் வலப்பக்கம், விலாவின் அடியில் வைத்தேன். அடேயப்பா, கெட்டியோ கெட்டி! இடப்பக்கம் முன்னால் மட்டும் பார்த்துவிட்டு, "இது சுத்தம்" என்று தீர்ப்புச் சொன்னேன். முதுகையும் பார்க்க வேண்டும் என்பதுதான் பாடம். ஆனால் விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாமனாரிடம் போய், திரும்பி முதுகைக் காட்டுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"வலது நுரையீரல் போச்சுங்க மாமா. உடனே கீழ போகணும்" என்றேன். அத்தை ஓவென்று அழ ஆரம்பித்தார். கோழிக்குழம்பு அடுப்பிலேயே நின்றது. மிளகைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு மாமனார் வாடகைக் காரில் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் நோயாளி திடமாக உட்கார்ந்திருந்தார். டாக்டர்தான் வளைவுக்கு வளைவு இறங்கி வாந்தி எடுத்தார்.

"மாப்ளைக்குத்தான் ஒடம்பு செரியில்லையாட்ட இருக்குதுங்க" என்று டிரைவரிடம் கவலைப்பட்டார் மாமனார்.

கீழே ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா கருவியை நான் காட்டிய இடத்தில் வைத்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இது அவரோட கல்லீரல். ரொம்ப நல்லா இருக்கு."

என் மனைவி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மாமனார் சட்டையை எடுத்து மாட்டப் போனார். ("மழ வந்தா மொளகு நனைஞ்சிருமுங்க.")

"இருங்க ஐயா, அப்படியே திரும்பி உக்காருங்க" என்ற டாக்டரம்மா, இடப்பக்க முதுகில் கருவியை வைத்தார். எல்லோர் சிரிப்பும் நின்றது. நிமோனியா அங்கே இருந்தது.

"இன்னும் விட்டிருந்தா சிக்கலாயிருக்கும். நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க" என்றார்.

என் கருவியைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். நான் சுத்தம் என்று சொன்ன பக்கம் அது.

மாமனார் தேறி மலையேறினார். "மாப்ளதானுங்க காப்பாத்துனாரு" என்று இன்றும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். மனுஷர் உண்மையாகவே அப்படி நம்புகிறார்.

அவர் மகள் நம்புவதாக இல்லை. மாமனார் வீட்டில் சாவியோ மூக்குக்கண்ணாடியோ காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை. எனக்குப் போன் வரும்: "எங்க இருக்காதுன்னு மட்டும் சொல்லுங்க." நான் ஒரு இடத்தைச் சொன்னால், நேராக அங்கே போய் எடுத்துக்கொள்கிறார்கள்.