சைனா அண்ணையின் சங்கமும் நடைபாதைக் கத்தரிக்காயும்

ஜெர்மன் அதிகாரியம்மா ஒருவருக்குப் போட, கோட்டுக்குள் பூமாலையை ஒளித்துக்கொண்டு ஹனோவர் நகரசபைக்குப் போன முட்டாள் நான்தான். கூட்டிக்கொண்டு போனவர் சைனா அண்ணை. எந்தச் சிக்கலுக்கும் சீனாவில் வழி உண்டென்று நம்பிய ஒரே யாழ்ப்பாணத்தார்.

சீனாவை அவர் கண்டதில்லை. சீன உணவகமொன்றில் கோப்பை கழுவியபோது முதலாளி சொல்லக் கேட்டதுதான் எல்லாம். தொண்ணூறுகளில் அவர் தொடங்கிய மரக்கறிக்கடை நிலத்துக்குக் கீழே இருந்தது. நடைபாதையில் பெட்டி வைக்காவிட்டால் அங்கே கடை இருப்பதே யாருக்கும் தெரியாது. நகரசபையோ, குழந்தை வண்டி போக இடம் போதாதென்று அனுமதி மறுத்துவிட்டது. இனிக் கடையை மூடவேண்டியதுதான்.

"முதலாளியின்ரை ஊரிலை பொத்தான் செய்யிறவைக்கு ஒரு சங்கம் இருக்கு. தலைவர் ஆர்? நகரசபை அதிகாரி. சங்கத்தின்ரை அறையும் அதே கட்டிடத்துக்குள்ளைதான். முறைப்பாடு ஒரு மாடி ஏறினால் அலுவல் சரி" என்றார் அண்ணை.

உடனே தமிழ்க் கடைக்காரர் சங்கம் பிறந்தது. எனக்குக் கடையே இல்லை. ஜெர்மன் நன்றாகத் தெரியும் என்று புளுகியிருந்ததால் செயலாளராக்கிவிட்டார்கள். தலைவர் பதவி, அனுமதி மறுத்த அதே அதிகாரியம்மாவுக்கு. அதைச் சொல்லத்தான் மாலையோடு போனோம்.

அவர் மாலையைத் தொடவேயில்லை. "உங்கள் விண்ணப்பத்தைத் தீர்மானிப்பவள் உங்களுக்குத் தலைவராக முடியாது. என் முடிவு பிழையென்றால் உங்கள் சங்கம் என்னை எதிர்க்க வேண்டும்" என்றார்.

"எதிர்க்கிறதுக்கோ சங்கம்?" என்று ட்ராமில் வழி முழுக்கப் புறுபுறுத்த அண்ணை, நேரே பழைய முதலாளியிடம் போனார். முதலாளி சிரித்தார். "எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அறை இருக்கிறது, தேநீர் இருக்கிறது. 'மாட்டோம்' என்று சொல்ல வாய்தான் இல்லை."

மறுநாளே எதிர்ப்பு மனு கொடுத்தார் அண்ணை. அதிகாரியம்மாவே கடை வாசலில் வந்து பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்து, அதற்கு நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மினும் வாங்கிவிட்டார்.

அன்றைக்கு இரட்டைப் பிள்ளைகளுக்கான வண்டியொன்றை இரவல் வாங்கி வந்து, அதிகாரியம்மா பார்த்திருக்க என்னைத் தள்ளச் சொன்னார். சில்லு பெட்டியில் கொளுவியது. கத்தரிக்காய் ட்ராம் தண்டவாளம் வரை உருண்டது.

"இன்னொருக்காத் தள்ளும்."

"அண்ணை, ஏலாது."

"ஏலும். பெட்டியளை நான் சுவரோடை ஒட்டி அடுக்கிறன். நீர் ரோட்டைப் பாராமல் சில்லைப் பாரும்."

இம்முறை வண்டி போனது. நம்பாமல் அம்மாவும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். சுவரோரம் ஒற்றை வரிசைக்கு அனுமதி என்றார். கடை பிழைத்தது.

அவர் போனபின், குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் அண்ணை வந்தார்.

"நீர் செயலாளர் வேலைக்குச் சரிவரமாட்டீர். ஆனா எனக்கே 'ஏலாது' எண்டு சொல்லுற வாய் உம்மட்டை இருக்கு. வேறை ஆளை நான் தேடமாட்டன்."