அறுபத்தாறு படிகளும் உன் அக்காவும்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம்; நீயும் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இது போனில் சொல்லும் விஷயமில்லை. நான் போனை எடுத்தாலே உன் அக்காவின் காது நீண்டுவிடும். படித்ததும் கிழித்துவிடு.

போன வருடம் டாக்டர் என்னைத் தராசில் ஏற்றியபோது முள் தொண்ணூற்றெட்டில் நின்றது. "பத்துக் கிலோ குறைங்க சார், இல்லேன்னா சர்க்கரைக்குத் தினமும் ஊசிதான்" என்றார். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து, பத்து மாடி உயரத்தில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். ஊசி என்றதும் டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டேன். முன்பு இரண்டு தடவை பட்டினி கிடந்து இளைத்ததும், போன எடை சுற்றம் சூழத் திரும்பி வந்ததும் உனக்கே தெரியும். அந்த வாரமே உன் அக்கா, "ஏங்க, நம்ம லிஃப்ட்ல கீச்சுன்னு ஏதோ சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் சந்தேகப்பட்ட லிஃப்டில் ஓர் இன்ஸ்பெக்டர் கால் வைக்கலாமா? குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதி அவளிடமே கொடுத்தனுப்பினேன். பழுது பார்க்கும்வரை ஏறுவதில்லை என்று சபதம். மூன்று மாடி, அறுபத்தாறு படி. பதில் இல்லை. அவள் கையிலேயே அடுத்தடுத்துப் புகார் அனுப்பினேன், எதற்கும் மூச்சுப்பேச்சு இல்லை. கடைக்குப் போய் மூச்சு வாங்க மேலே வந்தால், "அடடா, எலுமிச்சம்பழம் சொல்ல மறந்துட்டேனே" என்பாள். வயதாகிவிட்டது பாவம் என்று மறுபடி இறங்குவேன். பெரிய தட்டுகள் விரிசல் விட்டதாகச் சொல்லிச் சின்னத் தட்டு வந்தது. நிறைய வைத்தாள், நானும் நிறையத் தின்றதாகவே நினைத்தேன். டிவி ரிமோட் செத்துப்போய், சேனல் மாற்ற எழுந்து நடந்தேன். ஒன்பது மாதத்தில் பன்னிரண்டு கிலோ காணோம்! ஆறு மாதமாக முள் அங்கேயே நிற்கிறது. டாக்டர் ஊசிப் பேச்சையே எடுப்பதில்லை. செயலாளர் மேலுள்ள கோபத்தில்தான் இளைத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரைக் கண்டால் முறைப்பேன். அவரோ சிரித்துக்கொண்டே வணக்கம் வைப்பார். என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடிப்பேன்.

நேற்று மூக்குக்கண்ணாடியைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது, அவள் துணிகளுக்கு அடியில் என் ஏழு புகார்களும் ஒட்டிய உறை பிரியாமல் கிடந்தன. பக்கத்தில் விரிசலே இல்லாத தட்டுகள், ரிமோட்டின் பேட்டரி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அக்காவா, மச்சான்! ஒருநாள்கூட "தின்னாதீங்க" என்று சொன்னதில்லை, டாக்டர் பேச்சை எடுத்து மிரட்டியதில்லை. என் தொழில் கர்வத்தையே பிடித்து என்னை மாடி ஏற்றியிருக்கிறாள். இவ்வளவு பெரிய மூளை என்னோடு நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கண் கலங்கிவிட்டது.

ஆனால் இன்று காலை என்ன செய்தேன் தெரியுமா? லிஃப்டில் ஏறிவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை, பட்டுப்போல் போனது. சுகமாக இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். தெரியாமல் நடந்த கால், தெரிந்த பிறகு நடக்குமா? மூன்றாம் தடவையும் எடை ஏறிவிட்டால் ஊசிதானே? எல்லாத் தந்திரமும் கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று, இனி அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. நான் என்ன செய்யட்டும் என்று உடனே எழுது.

உன் வீட்டாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். நீண்ட ஆயுளோடு இரு.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையின் முதுகில் எழுதுகிறேன். எங்கள் தெருக்கோடித் தபால்பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்று உன் அக்கா சொன்ன நாள்முதல், ரயில் நிலையப் பெட்டிவரை இருபது நிமிடம் நடந்து வருவது வழக்கம். இன்று பெட்டியைத் திறந்துகொண்டிருந்த தபால்காரரிடம், "அந்தப் பெட்டிய திரும்ப எப்ப வைப்பீங்க?" என்று கேட்டேன். "எடுத்தாத்தானே சார் வைக்கறதுக்கு? இப்பதான் அதத் தொறந்துட்டு வர்றேன்" என்கிறார். யோசனை எதுவும் எழுத வேண்டாம், மச்சான். அவள் இன்னும் எத்தனை வைத்திருக்கிறாளோ, நான் தேடப்போவதில்லை. அடுத்த கடிதத்தையும் இங்கேயே வந்து போடுகிறேன்.