மேடத்துக்கு இன்னொரு சந்தேகம்

விஜிலா மேடம் மறுபடியும் வந்திருக்கிறார் என்று வாசலிலிருந்து தகவல் வந்தபோது கிளைட்டன் அவசரமாகக் கணக்குப் புத்தகங்களை எடுத்து அடுக்கினான்.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சிறிய மின்சாரக் கம்பெனியில் அவன் கணக்கு அதிகாரி. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து, சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு விற்பது கம்பெனியின் வேலை. அதன் நிதிநிலையைப் பார்த்துத் தரம் போட, சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் விஜிலாவை அனுப்பியிருந்தது. தரம் இறங்கினால் வங்கி வட்டியை ஏற்றும். வட்டி ஏறினால் ஆட்களைக் குறைக்க வேண்டிவரும்.

முதல் தடவை நல்லபடியாகத்தான் போனது. தொழிற்சாலைகள் ஒழுங்காக பில் கட்டுகின்றனவா, நிலக்கரி விலை ஏறினால் சமாளிக்க முடியுமா என்றெல்லாம் அவள் கேட்டாள். கிளைட்டன் எதையும் மறைக்கவில்லை. நஷ்டம் வந்த வருஷத்தையும் அவனே எடுத்துக் காட்டினான்.

"இத யாரும் தானா காட்ட மாட்டாங்க" என்று சிரித்தாள்.

அடுத்த வாரமே திரும்பி வந்தாள். இன்னொரு சந்தேகமாம்.

முதலாளி செல்வதுரைக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் வறுமையாகத் தெரிந்துவிட்டதோ என்று புது ஏசி மாட்டி, டப்பா டப்பாவாக மக்ரூன் இனிப்பு வாங்கி வைத்தார். அதற்குப் பிறகும் அவள் வரவே, ஊதாரிகள் என்று நினைத்துவிட்டாளோ என்று பயந்து எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னார்.

மின்சாரம் விற்கிற கம்பெனி இருட்டில் உட்கார்ந்திருந்தது.

"கரண்ட் இல்லையா?" என்றாள் விஜிலா.

"இருக்கு மேடம். மிச்சம் பிடிக்கோம்" என்றான் கிளைட்டன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்கு அவள் நிலக்கரிக் கிடங்கைப் பார்க்க விரும்பினாள். கடற்காற்று கரித்தூளை வாரி அவள் முகத்தில் அடித்தது. அவன் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தான். துடைக்கத் துடைக்கக் கரி இன்னும் பரவியது. அவளோ கோபப்படாமல், அவன் மூக்கிலும் கரி இருப்பதாகச் சொன்னாள்.

"ஏலே, தரம் போட வந்தவியளுக்கே மூஞ்சில கரியப் பூசி அனுப்பிருக்க" என்று செல்வதுரை தலையில் கை வைத்தார்.

கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள். சிலர் வேறு வேலை தேடத் தொடங்கினார்கள். கிளைட்டனின் அம்மா பிலோமினா பனிமய மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

இன்றைக்கு விஜிலாவின் கேள்விகளே வேறு மாதிரி இருந்தன.

"உங்க சம்பளத்த நம்பி வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான் மேடம்."

"கடன் ஏதும்?"

"கம்பெனிக்கா மேடம், எனக்கா?"

"ரெண்டும்தான்."

அவன் இரண்டையும் சொன்னான். அவள் நோட்டை மூடி வைத்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"இந்த வேலை இல்லைன்னா, சென்னைக்கு வந்து இருப்பீங்களா?"

கம்பெனி கதை முடிந்தது, அதைப் பாவம் பார்த்து இதமாகச் சொல்கிறாள் என்று கிளைட்டன் நினைத்தான். வேலை போய்விடும் என்பதைவிட, இனி இவள் வரமாட்டாள் என்பதுதான் முதலில் மனத்தில் உறைத்தது. அதை நினைத்து அவனுக்கே வெட்கமாயிற்று. டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து நேராக முதலாளி அறைக்குப் போனான்.

விஷயத்தைக் கேட்ட செல்வதுரை, சென்னையிலிருக்கும் விஜிலாவின் மேலாளருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆட்களின் பிழைப்பைச் சொன்னார். விஜிலா மேடம் ரிப்போர்ட் எழுதும் முன் இன்னும் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும்படி கெஞ்சினார்.

மேலாளர் குழம்பிப்போய்க் கேட்டார்.

"என்ன சார் சொல்றீங்க? உங்க கம்பெனி நல்லா இருக்குன்னு முதல் தடவை பாத்துட்டு வந்ததுமே விஜிலா ரிப்போர்ட் குடுத்தாச்சு, லெட்டர் இந்த வாரம் வந்துரும். அவங்க அப்பத்துல இருந்து ஏதோ சொந்த வேலைன்னு லீவுலல்ல இருக்காங்க."