மூன்று வாரம் முன்பே முடிந்த பேரம்

யாரோ நீங்கள், பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் நான்காம் எண் படிவத்தை எழுதியது நீங்கள்தான். வாயுள்ள முப்பது பிள்ளைகளை ஊமையாக்கியதும் நீங்கள்தான். மறுக்காதீர்கள்.

சின்னத்தம்பி ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர விரிவுரையாளர். பட்டம் கிடையாது, பட்டறிவுதான். கப்பல் பட்டறையில் சுத்தியல் பிடித்து, பழைய இரும்பு வியாபாரத்தில் தலையெடுத்தவர். முதல் விலைக்குத் தலையாட்டியவன் உருப்பட்டதில்லை என்பது அடிபட்டு அவர் கற்ற பாடம். பேரம் பேசும் அந்தக் கலையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகமே கூப்பிட்டது. அவர் வகுப்பில் ஒரே விதி: "என்னை எதிர்த்துப் பேசு. ஜெயிச்சா மார்க்." பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கத்தினார்கள். திவ்யதர்ஷினி என்றொரு பெண் அவரிடமே வாதாடி, தேர்வைப் பத்து நாள் தள்ளிவைக்க வைத்தாள். அவர் கோபத்தில் முகம் சிவந்தபடியே முழு மார்க் போட்டார்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான், அவருக்கு ஆதரவளிப்பதென்று கற்பித்தல் மேம்பாட்டு ஆதரவு நிலையம் முடிவெடுத்தது. அதிகாரி இளமதி வந்து சேர்ந்தாள். கையில் டேப்லட், முகத்தில் கருணை.

"சார், உங்க வகுப்புல ஒரு மணி நேரத்துல நாப்பத்தொரு மறுப்பு பதிவாகியிருக்கு. மாணவர் அதிருப்தி ரொம்ப ஜாஸ்தி."

"அது அதிருப்தி இல்லம்மா. அதான் பாடம்."

"உங்க உணர்வை மதிக்கிறோம் சார். ஆனா கற்றல் விளைவை மூணு வாரம் முன்னாடியே அறிவிக்கணும். நாலாம் படிவத்துல பேரம் எந்த விலையில முடியும்னு நீங்க எழுதவே இல்லையே?"

"முடிவு தெரிஞ்சா அப்புறம் எதுக்கும்மா பேரம்?"

"முடிவு தெரியாம வகுப்புக்கு வந்தா பிள்ளைங்களுக்கு மன உளைச்சல் சார். படிவம் வரலைன்னா அடுத்த செமஸ்டர் உங்க வகுப்பே இருக்காது." இதையும் கனிவாகத்தான் சொன்னாள்.

சின்னத்தம்பி அவளை நேரே தேக்கா சந்தைக்கு இழுத்துப்போனார். வகுப்பை அங்கே அழைத்துவருவதாக ஏற்பாடு. இளமதி மீன்காரர் முத்துசாமியிடம் பணிவாகக் கேட்டாள்:

"அண்ணே, அடுத்த மாசம் மூணாம் தேதி பிள்ளைங்க வந்து வவ்வால் மீனுக்குப் பேரம் பேசுவாங்க. கடைசி விலையை இன்னைக்கே சொல்லிடுறீங்களா?"

"அந்த மீனு இன்னும் கடல்ல நீந்திக்கிட்டு இருக்கு லா! அதுக்கிட்டயே கேட்டுச் சொல்லட்டா?"

'தொடர்புடைய தரப்பினருடன் கலந்தாலோசனை நடைபெற்று வருகிறது' என்று அவள் குறித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் சின்னத்தம்பி தன் தொழிலுக்கே வந்தார்.

"சரிம்மா. நாப்பத்தொரு மறுப்பை இருபதாக்குறேன்."

"ஜீரோ சார்."

"பத்து."

"ஜீரோ."

"மூணு. எங்கம்மா மேல சத்தியமா அதுக்குக் கீழ கட்டாது!"

"ஜீரோதான் சார். எங்க விளைவை நாங்க முன்னாடியே அறிவிச்சாச்சு."

இரும்புக் கடையில் யாருக்கும் தோற்காத மனிதர், பிள்ளைகளை விட மனமில்லாமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த செமஸ்டர் வகுப்புத் திரையில் மின்னியது: 'இப்பேரம் பன்னிரண்டு வெள்ளி விலையில் இனிதே நிறைவுறும்.' சின்னத்தம்பி ஒரு பழைய மின்விசிறியைத் தூக்கிக்காட்டி இருபது என்றார். பிள்ளை பன்னிரண்டு என்றது. சரி என்றார். இப்படியே முப்பது பேர். ஒன்பது நிமிடத்தில் பாடம் முடிந்தது. மிச்ச நேரத்தில் எல்லோரும் கண்ணை மூடித் தங்கள் கற்றல் பயணத்தைச் சிந்தித்தார்கள். சிலர் குறட்டை விட்டுச் சிந்தித்தார்கள்.

கருத்தறிக்கையில் முப்பது பேரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். சின்னத்தம்பிக்குக் கண்ணாடிக் கேடயம் கிடைத்தது. மற்ற விரிவுரையாளர்களுக்கு ஆதரவளிக்கும் குழுவிலும் உறுப்பினராக்கினார்கள்.

இந்தப் புது வகுப்புக்கு உதவியாளராக வந்துகொண்டிருந்த திவ்யதர்ஷினி ஒருநாள் ஓடிவந்தாள். "சார், வேலை கிடைச்சிருச்சு!"

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வாரம் ஆறு நாள், முதல் வருடம் விடுப்பு இல்லை, பாதியில் விட்டால் அபராதம்.

"எதிர்த்துப் பேசினியா?"

"எதுக்கு சார்? முடிவைத்தான் பேப்பர்லயே போட்டிருக்காங்களே. கையெழுத்துப் போட்டுட்டேன். ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

சின்னத்தம்பி கொதித்துப்போய் நிலையத்துக்குள் நுழைந்தார். "இந்தப் படிவத்தை எழுதினது யாரும்மா?"

"குழு சார்."

"குழுன்னா யாரு? ஆளைக் காட்டு!"

இளமதி டேப்லட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "முதல்ல எழுதினவர் பேர் இதுல இல்ல சார். போன வாரம் புதுப்பிச்சு ஒப்புதல் குடுத்தவங்கள்ல... நீங்க இருக்கீங்க."

அவர் பெயர் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். நட்சத்திரம் போட்டது எங்கள் பிள்ளைகள்தான். 'எம்பிள்ளை வாத்தியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான்' என்று அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பெருமையடித்தது பெற்றோர் நாங்கள்தான். அதெல்லாம் எங்கள் பங்கு. படிவத்தின் முதல் வரி உங்களுடையது. ஒளிந்தது போதும், வெளியே வாருங்கள். அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். அந்தப் பெண் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள். பாதி, கால் என்று இழுக்காதீர்கள். இதில் பேரம் கிடையாது.