நான் பூவான கதை

செத்த பிறகும் சாகாமல் இருப்பது என்று ஒரு வசந்த காலக் காலையில் முடிவு செய்தேன்.

காரணம், எங்கள் ஆப்பிள் தோட்டத்து மேட்டில் பூத்திருந்த ஒரு காட்டுத் துலிப். எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் துலிப்புக்குப் பஞ்சமில்லை. வசந்தம் வந்தால் கழுதை வாயிலும் பூதான். இது வேறு. இதழுக்கு வெளியே செம்பு நிறம், உள்ளே மஞ்சள், அடியில் மசிக் கறுப்பு. மெல்லிய தண்டு. லேசான காற்றுக்கும் 'ஆமாம், ஆமாம்' என்று ஆடும் தலை. என்னிடமுள்ள தாவர நூல் எதிலும் இப்படியொன்று இல்லை.

நகரத்து ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசினேன். சலிமா என்ற ஆய்வாளர் வருவதாகச் சொன்னார்.

"புதுப் பூவா இருந்தா, ஊர்க்காரங்க சொல்ற பேரையே வச்சிடுவோம்."

ஊரில் பெயர் இல்லை. வைத்தால் போயிற்று! என் பெயர் தெமிர்குல். எங்கள் மொழியில் தெமிர் என்றால் இரும்பு. குல் என்றால் அடிமை. நாக்கைக் கொஞ்சம் முன்னே தள்ளி 'க்யுல்' என்று சொன்னால் பூ. தெமிர்க்யுல்! இரும்புப் பூ! ஓர் ஒலி பிசகினால் அடிமைக்கு விடுதலை.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் ஓடினேன்.

"பெர்மெத்! அந்தப் பூவை ஊரே தெமிர்க்யுல்னு கூப்பிடணும். நீதான் பரப்பணும்."

"ஐயையோ! புருஷன் பேரை நான் சொல்றதா?"

"என் பேரில்ல, பூ பேரு."

"அதே மாதிரி காதுல விழுற சொல்லும் ஆகாதுன்னு பாடம் நடத்தினது யாரு? கல்யாணமான மறுநாளே, டீ கொதிக்கிறதுக்குள்ள?"

நான்தான். மருமகள்கள் கணவன் பெயரையும் அவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் சொல்லாமல் மாற்றுப் பெயர் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அதன் பெருமை பற்றி மன்றத்தில் சொற்பொழிவே ஆற்றியவன் நான். ஆகவே எங்கள் வீட்டில் இரும்பு என்ற சொல்லே கிடையாது. இரும்பு அடுப்பு 'கனமானது'. இரும்பாணி 'அடிவாங்கி'.

"சரி, மத்தவங்க சொல்லட்டும்."

"எவங்க? ஆம்பளைங்க மந்தையோட மலைக்குப் போயாச்சு. இருக்கிறவளுங்க எல்லாம் உங்க தம்பிமார் பொண்டாட்டிங்க. அவளுங்களுக்கும் உங்க பேரு ஆகாது."

"அப்ப ஏதாவது மாத்துப் பேர் வச்சுத் தொலைங்க! என் பேருக்கு மாத்துன்னு தெரிஞ்சா போதும்."

"பின்னால பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்!"

சலிமா வந்தார். மேட்டில் மண்டியிட்டார். "புதுசுதான்! சந்தேகமே இல்ல!" என்று கைதட்டினார். நான் புதுத் தொப்பியில் நிமிர்ந்து நின்றேன். பெண்கள் டீயும் வெண்ணெயுமாகச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இதுக்கு இங்க என்ன பேரு?"

தொண்டையைச் செருமினேன். என் செருமல் முடியவில்லை.

"தலையாட்டி!" என்றாள் பக்கத்து வீட்டுக் கலிபா, என் சின்னத் தம்பி மனைவி.

"தலையாட்டி! தலையாட்டி!" என்றது மகளிர் கூட்டம்.

"அட, பொருத்தமான பேரு! பூ ஆடுறதனாலயா?"

பெர்மெத் தலைத்துணியை அடக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டாள். "இல்லீங்க. எங்க வீட்டுக்காரர் பேருதான். நேரா சொல்லக் கூடாதில்ல? கல்யாணமான நாள்லேருந்து நாங்கள்லாம் அவரை இப்படித்தான் சொல்றோம்."

கலிபா சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது.

சலிமா மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உங்க பேரேதானாமே, ஐயா! அப்ப 'தலையாட்டி'ன்னே பதிஞ்சிடலாமா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெர்மெத் என்னைப் பார்த்தாள்.

பூவும் நானும் ஒன்றாகத் தலையாட்டினோம்.