இல்லாத வேலைக்கு லீவு

இல்லாத வேலைக்கு லீவு போட்ட மனிதர் எமரால்டு மலையூரில் வேலுசாமி ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் தூள் சலித்த தேயிலை ஃபேக்டரியை மாதம் பிறந்த அன்றே இழுத்துப் பூட்டிவிட்டார்கள். தேயிலையைக் கேட்க நாதியில்லை. இலை பறித்துக் கொடுத்தவனும் அழுதான், வாங்கி அரைத்தவனும் அழுதான். வேலுசாமி அழவில்லை. வீட்டில் சொன்னால்தானே அழ முடியும்? தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்புவார். பஸ் நிழற்குடையில் பொழுதைத் தள்ளுவார். சாயங்காலம் திரும்புமுன், காலையில் சமையலறை டப்பாவிலிருந்து பையில் போட்டுக்கொண்ட ஒரு பிடி டீத்தூளை ஸ்வெட்டரில் தேய்த்துக்கொள்வார். ஃபேக்டரி ஆள் என்றால் தூள் வாசனையோடுதானே வீடு வர வேண்டும்! இந்த மூளைக்குத் தன்னைத்தானே முதுகில் தட்டிக்கொண்டார். எதை வேண்டுமானாலும் தாங்குவார், பிள்ளைகள் முன்னால் வெட்டியாக நிற்பதை மட்டும் அவரால் தாங்க முடியாது.

அன்று பேய்மழை. பள்ளிக்கூடம் லீவு. ஒன்றாவது படிக்கும் இந்துவுக்கும் மூன்றாவது படிக்கும் தீபக்குக்கும் ஜெஸிந்தா டீச்சர் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்: மழை லீவில் சும்மா இருக்கக் கூடாது, வீட்டிலேயே தானியம் பிரிக்கணும், கண்ணைக் கட்டிக்கொண்டு வாசனை கண்டுபிடிக்கணும்.

நிழற்குடை ஒழுகும் என்பது வேலுசாமிக்கு ஞாபகம் வந்தது.

"ஜானகி! இன்னைக்கு நான் லீவு. புள்ளைங்க படிப்பை விட ஃபேக்டரி பெருசா?"

மனைவி ஜானகி தோசையைத் திருப்பினாள். "ஏனுங்க, நீங்க இல்லாம அங்க வேலை நடக்குமுங்களா?"

"நடக்காதுதான். ஒரு நாளைக்குத் தடுமாறட்டும்."

"மேனேஜர் வைய மாட்டாருங்களா?"

"என்னையா? எம் முன்னால நின்னு பேசவே அந்தாளுக்கு ஒதறும்!"

"அதுஞ் செரித்தானுங்க" என்று அடுத்த தோசையை ஊற்றினாள்.

அரிசியும் பயறும் கடலையும் கலந்த தட்டு வந்தது. பிள்ளைகள் கையால் பிரித்தால் போதும். வாத்தியாராகிவிட்ட வேலுசாமி விடுவாரா? ரவைச் சல்லடை, மாவுச் சல்லடை எல்லாம் இறங்கின. "ஃபேக்டரி மெஷின் எப்படி ஆடும் தெரியுமா கண்ணு?" என்று இடுப்பை ஆட்டிக் கடகடவென்று ஓடிக் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெஷின் நின்றது. மறுபடி ஓடவில்லை. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வேலுசாமி அடுத்த பாடத்துக்குப் போனார்.

இருவர் கண்ணிலும் துண்டு கட்டினார். வெங்காயம், மண்ணெண்ணெய், யூகலிப்டஸ் தைலம் எல்லாவற்றையும் இந்து பட்டென்று சொல்லிவிட்டாள். வேலுசாமிக்கு உற்சாகம் தலைக்கேறியது. ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்து அவள் மூக்கில் வைத்தார்.

"டீத்தூள் டப்பா!"

"இல்ல சாமி. நல்லா மோந்து பாரு. அப்பா ஸ்வெட்டரு!"

தீபக் வாங்கி முகர்ந்தான். "அவ சொல்றதுதாம்ப்பா செரி. அப்பா ஸ்வெட்டர்ல வெறகுப் புகையும் சேர்ந்து அடிக்கும். இதுல வெறும் டப்பா வாசந்தான் வருது."

வேலுசாமிக்கு வேர்த்துவிட்டது. தூளை உலர்த்தும் அடுப்பு ஃபேக்டரியில் விறகில்தான் எரியும். அந்தப் புகை துணியில் ஏறாமல் எவனும் வெளியே வந்ததில்லை. தூளை நினைத்த மகா மூளை புகையை மறந்துவிட்டது.

"அது... புது அடுப்பு வந்திருக்கு கண்ணு. புகையே வராது."

"பழைய அடுப்பு அணைஞ்சிருச்சாப்பா?" என்றாள் இந்து.

குழந்தையின் கண்ணில் துண்டு கட்டியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. வேலுசாமி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

ஜானகி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "புது அடுப்பு எப்ப வந்துச்சுங்க?"

"வந்து..."

"துணி தொவைக்கறவளுக்குத் தெரியாதுங்களா? மொதல் நாளே தெரிஞ்சுதுங்க."

"அப்பவே கேக்கறதுக்கென்ன?"

"நீங்க பாடுபட்டுத் தேச்சுட்டு வரீங்க. கேக்க மனசு வரலீங்க. டப்பா கொறையக் கொறைய நெரப்பி வெச்சேன்."

வேலுசாமி வழக்கமாக அரிசி மூட்டை இருக்கும் மூலையில் உட்கார்ந்தார். மூட்டை இல்லை. வெறும் சாக்கு மட்டும் இருந்தது. அவமானத்தில் காது எரிந்தது.

"நாளைக்கும் லீவு போட்டுருங்க" என்றாள் ஜானகி. "கேரட் கழுவற எடத்துல என்னை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. இனி புள்ளைங்களுக்கு வாத்தியாரும் நீங்கதான், சோறாக்கறதும் நீங்கதான்."

வேலுசாமி மிச்சமிருந்த கௌரவத்தை ஒன்றுதிரட்டி மீசையைத் தடவினார். "லீவு... கேட்டுப் பாக்கறேன்."

"கேளுங்க. அந்த டப்பாவை மட்டும் தொடாதீங்க. இனி அது குடிக்கறதுக்கே பத்தாதுங்க."